நேந்திரங்காய் வாணலிக்கு, பாகற்காய் ஏர் ஃப்ரையருக்கு

250 கிராம் உருளைக்கிழங்கை ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் சீவினால் ஏறத்தாழ 80 வட்டங்கள் கிடைக்கும். நான்கு லிட்டர் ஏர் ஃப்ரையரின் கூடையில் அவற்றை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பினால் 16 தான் கொள்ளும். ஓர் ஈட்டுக்குக் கால் மணி நேரம். ஆக ஐந்து ஈடு, ஒன்றேகால் மணி நேரம். அதே 80 வட்டங்களை வாணலியில் நான்கு ஈடாகப் போட்டெடுத்தால், எண்ணெய் காயும் நேரத்தையும் சேர்த்து இருபத்தைந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். வாங்கும் முன் இந்தக் கணக்கை எனக்கு யாரும் சொல்லவில்லை. வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன். இருந்தும், வாங்கியதில் எனக்கு வருத்தம் இல்லை. ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு தொடங்கியது அப்பாவால். இதயத்தில் அடைப்பு என்று தெரிந்ததும், பொரித்ததைக் குறையுங்கள் என்றார் மருத்துவர். அப்பா நாகர்கோவில்காரர். தேங்காய் எண்ணெய் மணக்கும் நேந்திரங்காய் சிப்ஸ் இல்லாமல் அவருக்கு ரசம் சோறு இறங்காது. எட்டு மாதமாக வாரம் ஒரு காய் என்று எடை போட்டு, நேரம் குறித்து, வாணலியிலும் ஏர் ஃப்ரையரிலும் மாறி மாறிச் செய்து பார்த்தேன். ஏற்கெனவே வீட்டில் இருந்த ஓ.டி.ஜி. என்னும் மின்சார பேக்கிங் அடுப்பையும் மைக்ரோவேவையும் விட்டுவைக்கவில்லை. கடைசியில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: எந்தச் சாதனம் நல்லது என்று கேட்டால் பதில் கிடைக்காது, எந்தக் காய் என்று சொன்னால் பதில் உடனே கிடைக்கும்.

பெயரில் பொரிப்பு இருந்தாலும் ஏர் ஃப்ரையர் பொரிப்பதில்லை. 2010-இல் ஃபிலிப்ஸ் நிறுவனம் பெர்லின் கண்காட்சியில் இதை அறிமுகம் செய்த நாளிலிருந்தே உள்ளே இருப்பது ஒரு சிறிய அடுப்புதான். மேலே சூடேறும் கம்பிச்சுருள், அதற்கு மேல் வேகமாகச் சுழலும் விசிறி. சூடான காற்று கூடையைச் சுற்றிச் சுற்றி வந்து காயின் ஈரத்தை இழுத்துக்கொண்டு போகிறது. வாணலியில் நடப்பது வேறு. 170, 180 டிகிரி செல்சியஸில் காய்ந்த எண்ணெய், போட்ட நொடியிலேயே காயின் எல்லாப் பக்கமும் ஒட்டிக்கொள்கிறது. உள்ளே இருக்கும் நீர் ஆவியாகச் சீறி வெளியேறுகிறது. அந்தச் சலசலப்பு அடங்கும்போதுதான் பதம் என்று அம்மாக்கள் காதாலேயே கண்டுபிடிக்கிறார்கள். நீர் போன துளைகள்தான் மொறுமொறுப்பைத் தருகின்றன. எண்ணெய் பெரும்பாலும் அந்தத் துளைகளுக்குள் நுழைவது வறுபடும்போது அல்ல. வெளியே எடுத்து ஆறும்போது. ஆகவே ஜல்லிக்கரண்டியில் அள்ளியதும் வாணலிக்கு மேலேயே நன்றாக உதறி, சூடு குறையும் முன் தாளில் ஒற்றி எடுத்தால், வாணலிச் சிப்ஸிலேயே எண்ணெயைக் கணிசமாகக் குறைக்கலாம். சாதனம் வாங்க மனமில்லாதவர்கள் இதை மட்டுமாவது செய்யுங்கள்.

எண்ணெய்க் கணக்கு இப்படி வருகிறது. உருளைக்கிழங்கில் நூற்றுக்கு எண்பது பங்கு நீர். 250 கிராமில் நீர் போக மிஞ்சுவது 50 கிராம்தான். வாணலியில் பொரித்த சிப்ஸின் எடையில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெய். எனவே 250 கிராம் கிழங்கு ஏறக்குறைய 78 கிராம் சிப்ஸாக வரும். அதில் 25 கிராமுக்கு மேல் எண்ணெய், அதாவது ஐந்தாறு தேக்கரண்டி. ஏர் ஃப்ரையரில் அதே கிழங்குக்கு ஒரு தேக்கரண்டி போதும். எங்களைப் போல இதய நோயாளி உள்ள வீட்டுக்கு இந்த வேறுபாடு பெரியது. வாங்கியதற்கு வருந்தவில்லை என்று சொன்னதற்கு முதல் காரணம் இது.

நீர்க்கணக்கு இன்னொன்றையும் சொல்லித்தரும். பீட்ரூட்டில் நீர் 87 விழுக்காடு, கேரட்டில் 88, வெண்டைக்காயில் 90, பாகற்காயில் 94. கால் கிலோ பீட்ரூட்டைச் சீவி உலர்த்தினால் கையளவு, முப்பது முப்பத்தைந்து கிராம்தான் தேறும். பாகற்காய் அதிலும் பாதி. மாவு பிசறாமல் செய்தால் கூடையின் அடியில் நாலு சுருள் கிடப்பதைப் பார்த்து, எங்கோ தவறு செய்துவிட்டோம் என்று முதல் தடவை நினைத்தேன். தவறு ஒன்றுமில்லை. எண்ணெயில் பொரிக்கும்போது போன நீருக்கு ஈடாக எண்ணெய் வந்து எடையைக் கூட்டுகிறது. இங்கே அது இல்லை.

இனி காய்களுக்கு வருவோம். ஏர் ஃப்ரையர் தன் விலைக்கு நியாயம் செய்வது பாகற்காயிலும் வெண்டைக்காயிலும்தான். பாகற்காயை இரண்டு மூன்று மில்லிமீட்டர் வட்டங்களாக நறுக்கி, விதையை எடுத்துவிட்டு, உப்பும் மஞ்சளும் போட்டுப் பிசறி இருபது நிமிடம் வைக்க வேண்டும். கசப்பு நீர் இறங்கியிருக்கும், இறுகப் பிழிந்துவிடுங்கள். பிறகு ஒரு மேசைக்கரண்டி அரிசி மாவு, அதே அளவு கடலை மாவு, மிளகாய்த்தூள், ஒரு தேக்கரண்டி எண்ணெய் சேர்த்துக் கையால் பிசறி, 165 டிகிரியில் பதினைந்து முதல் பதினெட்டு நிமிடம். பாதியில் ஒருமுறை கிளறினால் போதும். வட்டங்கள் சுருங்கிக்கொண்டே வருவதால், தொடக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறியிருந்தாலும் கெடுதி இல்லை. வாணலியில் பாகற்காய் வறுப்பவர்களுக்குத் தெரியும், அது எண்ணெயைக் குடித்துவிட்டு மறுநாளே சிக்கெடுக்கும். ஏர் ஃப்ரையரில் செய்தது சுத்தமாக, பாகற்காயின் மணத்தோடு நிற்கிறது. எங்கள் வீட்டில் எல்லாரும் வாணலியைவிட இதையே விரும்பிச் சாப்பிடுகிறார்கள், அப்பா உட்பட.

வெண்டைக்காயில் ஒரே ஒரு விதி: கழுவிய பின் ஒவ்வொரு காயாகத் துணியால் துடைக்க வேண்டும். ஈரம் இருந்தால் கொழகொழப்பு கத்தியிலேயே தொடங்கிவிடும். நீளவாக்கில் மெல்லியதாகக் கீறி, கடலை மாவு பிசறி, 180 டிகிரியில் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம். உப்பைக் கடைசியில் தூவுங்கள். முன்னால் போட்டால் நீர் விட்டுவிடும்.

சேப்பங்கிழங்கைச் சிப்ஸ் என்று சொல்ல முடியாது, ஆனால் சொல்லாமலும் இருக்க முடியாது. குழையாமல் வேகவைத்து, தோலுரித்து, வட்டமாக நறுக்கி, புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், அரிசி மாவு பிசறி 190 டிகிரியில் இருபது நிமிடம் வைத்தால் வெளியே முறுகலாகவும் உள்ளே மாவாகவும் வருகிறது. இதை வாணலியில் செய்ய அம்மா அரை வாணலி எண்ணெய் வைப்பார்; இப்போது இரண்டு தேக்கரண்டி. பச்சையாகச் சீவி மட்டும் போட்டுவிடாதீர்கள். அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் சரியாக வேகாவிட்டால் தொண்டையை அரித்தெடுத்துவிடும். சேனைக்கிழங்குக்கும் இதே எச்சரிக்கை.

உருளைக்கிழங்கு நடுவில் நிற்கிறது. நன்றாகச் செய்தால் நல்ல சிப்ஸ், கடைச் சிப்ஸ் அல்ல. பாதி வெற்றி கிழங்கைத் தேர்வதிலேயே இருக்கிறது. நீர் குறைவாகவும் சர்க்கரை குறைவாகவும் உள்ள கிழங்குதான் சிப்ஸுக்கு ஏற்றது. சிம்லாவிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் வெளியிட்ட குஃப்ரி சிப்சோனா வகைகள் இதற்கென்றே உருவாக்கப்பட்டவை. நம் காய்கறிக் கடைகளில் வகையின் பெயர் சொல்லி விற்பது அரிது என்பதால், வீட்டிலேயே ஒரு சோதனை செய்துகொள்ளலாம். ஒரு கிண்ணம் உப்பைப் பதினொரு கிண்ணம் தண்ணீரில் கரைத்து, கிழங்கை முழுதாகப் போடுங்கள். மூழ்கினால் மாவுச்சத்து மிகுந்த கிழங்கு, சிப்ஸுக்கு எடுக்கலாம். மிதந்தால் நீர்ச்சத்து மிகுந்தது, குழம்புக்கோ கூட்டுக்கோ போகட்டும். தோல் உரிந்துகொண்டிருக்கும் புதுக்கிழங்கும் வேண்டாம்.

கத்தியால் நறுக்கினால் கனம் ஒன்றுபோல வராது. சிப்ஸ் கட்டையில்தான் சீவ வேண்டும். தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, வெண்மை போகும்வரை மாவைக் கழுவுங்கள். பிறகு அரை மணி நேரம் ஊறவைத்து, பருத்தித் துணியில் பரப்பி மேலேயும் ஒரு துணி போட்டு ஒற்றி எடுங்கள். இந்த ஒற்றி எடுப்பதைச் சோம்பலால் தவிர்த்த நாள்களில் எல்லாம் சிப்ஸ் தோல்போல வளைந்தது. 160 டிகிரியில் பன்னிரண்டு நிமிடம், பின் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பொன்னிறமானதை எடுத்துவிட்டு மற்றவற்றுக்கு மேலும் இரண்டு மூன்று நிமிடம். ஓரத்தில் இருப்பவை எப்போதும் முந்திக்கொள்ளும்.

நிறத்தைப் பற்றி இங்கேயே சொல்ல வேண்டும். காற்றில் வெந்தது, ஆகவே கறுகினாலும் கெடுதல் இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். மாவுச்சத்துள்ள காயை 120 டிகிரிக்கு மேல் சூடாக்கினால், அதிலுள்ள சர்க்கரையும் அஸ்பராஜின் என்னும் அமினோ அமிலமும் சேர்ந்து அக்ரிலமைடு உருவாகிறது. உணவில் இது உருவாவதை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2002-இல் வெளிப்படுத்தினார்கள். விலங்குகளில் புற்றுநோய் உண்டாக்குவது என்று அறியப்பட்ட பொருள் இது. எண்ணெயில் பொரித்தாலும் காற்றில் வாட்டினாலும் இது உண்டாகும். கறுப்பு ஏற ஏற அளவும் ஏறும். உருளைக்கிழங்கைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் மாவு சர்க்கரையாக மாறி, சீக்கிரம் பழுப்பேறும். வெளியே காற்றாடும் கூடையில் வையுங்கள். ஊறவைப்பதும் பொன்னிறத்தோடு நிறுத்துவதும் இரண்டு சாதனத்துக்கும் பொதுவான கட்டாயம்.

பீட்ரூட், கேரட், சர்க்கரைவள்ளிக்கிழங்கு மூன்றும் இனிப்புக் காய்கள். உருளைக்கிழங்குக்கு வைக்கும் சூட்டில் வைத்தால் ஓரம் கருகிக் கசக்கும், நடு இன்னும் ஈரமாக இருக்கும். 130, 140 டிகிரியில் இருபத்தைந்து நிமிடம் பொறுமையாக விட வேண்டும். எடுக்கும்போது துவண்டிருக்கும், தட்டில் ஐந்து நிமிடம் ஆறினால் மொறுமொறுப்பு வரும். அது தெரியாமல் இன்னும் ஐந்து நிமிடம் வைத்து முதல் மூன்று ஈட்டைக் கெடுத்தேன். இந்த மூன்றுக்கும் உண்மையில் ஏர் ஃப்ரையரைவிட ஓ.டி.ஜி. மேல். 30 லிட்டர் அடுப்பில் இரண்டு தட்டுகளில் ஒரே நேரத்தில் கால் கிலோவையும் பரப்பிவிடலாம். முக்கால் மணி நேரம் ஆனாலும் நாம் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. இடையில் கதவை ஒருமுறை திறந்து ஆவியை வெளியேற்றி, மேல் தட்டைக் கீழும் கீழ்த் தட்டை மேலும் மாற்றினால் போதும். ஓ.டி.ஜி. இருக்கும் வீட்டில் இனிப்புக் காய்ச் சிப்ஸுக்காக ஏர் ஃப்ரையர் வாங்குவது வீண் செலவு.

இப்போது நேந்திரங்காய். ஆறு முறை செய்து பார்த்தேன்: உப்பு மஞ்சள் தண்ணீரில் ஊறவைத்து, ஊறவைக்காமல், தேங்காய் எண்ணெய் இரு மடங்கு தடவி, சூட்டைக் குறைத்து, கூட்டி. ஆறு முறையும் பல்லுக்குச் சவால் விடும் வில்லைகள்தான் கிடைத்தன. காற்றில் மேல்பரப்பு முதலில் உலர்ந்து இறுகிவிடுகிறது, உள்ளே இருக்கும் ஈரம் அதைத் தாண்டி வர முடிவதில்லை. வாணலியில், கொதிக்கும் தேங்காய் எண்ணெய்க்கு நேர் மேலேயே காயைச் சீவி விழவைத்து, பாதி வெந்ததும் உப்பும் மஞ்சளும் கரைத்த தண்ணீரை எண்ணெயிலேயே தெளிக்கும்போது எழும் அந்தப் பொரிச்சல் ஒலி, அந்த மணம், உள்ளுக்குள் இறங்கும் உப்பு, இவற்றைக் காற்றால் தர முடியாது. நேந்திரங்காய் சிப்ஸின் சுவையில் பாதி அந்தத் தேங்காய் எண்ணெயேதான். இதை ஏர் ஃப்ரையரில் செய்யலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். வேண்டுமானால் குறைவாகச் சாப்பிடுங்கள். சாப்பிடும்போது உண்மையானதைச் சாப்பிடுங்கள்.

மரவள்ளிக்கிழங்கும் இதே கட்சி. காற்றில் வைத்தால் மரச்சீவல். தோலையும் உள்தோலையும் முழுக்க உரித்து, நடு நாரை நீக்கி, ஊறவைத்துத் துடைத்து எண்ணெயில்தான் பொரிக்க வேண்டும். அதிலும் கசப்புக் கிழங்கைத் தொடவே கூடாது. சயனைடை வெளிவிடும் பொருள் அதில் மிகுதி.

வாணலிக்கு இவ்வளவு பரிந்து பேசினாலும் அதன் பெரிய குறையை மறைக்கக் கூடாது. குறை சிப்ஸில் இல்லை, மிஞ்சும் எண்ணெயில் இருக்கிறது. அரை லிட்டர் ஊற்றினால் நானூறு மில்லியாவது மீதமாகும். அதைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதுதான் நம் வீடுகளின் பழக்கம். காய்ச்சக் காய்ச்ச எண்ணெய் சிதைந்து, முனைவுச் சேர்மங்கள் என்னும் சிதைவுப் பொருள்கள் அதில் பெருகுகின்றன. அவை 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயை உணவுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதியை இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2018 ஜூலை 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வீட்டில் அளக்கக் கருவி இல்லை. நிறம் கறுத்தாலோ, நுரை தள்ளினாலோ, வழக்கத்தைவிட முன்னதாகப் புகைந்தாலோ அந்த எண்ணெய் முடிந்தது என்று பொருள். நாங்கள் சிறிய குழிவான இருப்புச் சட்டிக்கு மாறினோம். 200 மில்லி எண்ணெயில் ஈடு கூடினாலும் மிச்சம் குறைகிறது. அந்த மிச்சம் இரண்டு நாளில் தாளிப்புக்குத் தீர்ந்துவிடுகிறது.

மைக்ரோவேவை யாரும் பொருட்படுத்துவதில்லை, அது பாவம். ஒருவருக்கு மட்டும் சிப்ஸ் வேண்டுமென்றால் அதுதான் வேகமானது. துடைத்த உருளைச் சீவல் பன்னிரண்டைத் தட்டில் பரப்பி மூன்று நிமிடம், திருப்பிப் போட்டு இரண்டு நிமிடம். எண்ணெயே இல்லாமல் நிஜமாகவே மொறுமொறுப்பாக வருகிறது. ஆனால் கடைசி இருபது விநாடிகளில் வெள்ளையிலிருந்து கருகலுக்குத் தாவிவிடும். கண்ணை எடுக்கக் கூடாது.

வற்றலைச் சொல்லாமல் ஒப்பீடு முழுமையாகாது. சித்திரை வெயில் நீரை இலவசமாக எடுத்துத் தந்துவிட்ட கொத்தவரங்காய் வற்றலும் மோர்மிளகாயும் ஏர் ஃப்ரையரில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் பிசறி மூன்று நான்கு நிமிடத்தில் தயாராகின்றன. சுண்டைக்காய், மணத்தக்காளி போன்ற சிறியவற்றைச் சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் இட்டு வைக்க வேண்டும். உளுந்து அப்பளத்தை இருபுறமும் எண்ணெய் தொட்டுத் தடவினால் நன்றாகவே பொரிகிறது. அரிசி வடாமும் ஜவ்வரிசி வடாமும் மட்டும் மலர்வதில்லை; அவற்றுக்குக் காய்ந்த எண்ணெயின் திடீர்ச் சூடு வேண்டும்.

ஓர் ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். உள்ளிருக்கும் விசிறியின் காற்றில் மெல்லிய சீவல்களும் அப்பளமும் பறந்து மேலே கம்பிச்சுருளில் ஒட்டிக்கொள்ளும். எனக்கு இரண்டாவது வாரமே அப்படி ஆகி, சமையலறை முழுக்கப் புகை. கூடைக்குள் அடங்கும் சின்ன எவர்சில்வர் வலைத்தட்டை மேலே கவிழ்த்து வைத்தால் பறக்காது. வெறும் தாளைப் பரப்பி, காய் வைக்காமல் முன்கூட்டியே சூடாக்குவதையும் செய்யாதீர்கள். தாள்தான் முதலில் பறக்கும்.

இன்னொன்று, ஏர் ஃப்ரையர் சிப்ஸ் சேமித்து வைக்க அல்ல. சென்னையின் காற்றில் மாலைக்குள் நமத்துவிடும். 150 டிகிரியில் இரண்டு நிமிடம் வைத்தால் மீண்டும் நிமிரும் என்றாலும், டப்பாவில் போட்டு ஊருக்கு அனுப்ப வேண்டுமென்றால் வாணலிதான்.

ஆகவே நான்கைந்து பேர் உள்ள வீட்டில், சிப்ஸுக்காக மட்டும் என்றால் வாங்காதீர்கள். பிள்ளைகள் ஐந்தாவது ஈடு வரும்வரை காத்திருக்க மாட்டார்கள். இரண்டு மூன்று பேர், எண்ணெயைக் குறைக்க வேண்டிய காரணம், பாகற்காயும் வெண்டைக்காயும் வாரந்தோறும் வாங்கும் பழக்கம், இவை இருந்தால் வாங்குங்கள். அப்படி வாங்கும்போது லிட்டரைப் பார்க்காமல் கூடையின் அடிப்பரப்பைப் பாருங்கள். உயரமும் குறுகலுமான ஆறு லிட்டரைவிட அகலமான நாலரை லிட்டர் சிப்ஸுக்கு நல்லது. வெப்பநிலை 130 டிகிரிக்குக் கீழே இறங்குகிறதா என்றும் கேளுங்கள். மின்சாரம் பயமுறுத்தும் அளவு இல்லை: 1,500 வாட் சாதனம் ஒன்றேகால் மணி நேரம் ஓடினாலும் இரண்டு யூனிட்டுக்குள் அடங்கும்.

இப்போது எங்கள் வீட்டில் செவ்வாய்க்கிழமை பாகற்காய், வெள்ளிக்கிழமை வெண்டைக்காய் அல்லது சேப்பங்கிழங்கு, எல்லாம் ஏர் ஃப்ரையரில். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அம்மா இருப்புச் சட்டியை எடுத்து, தேங்காய் எண்ணெய் ஊற்றி, இரண்டு நேந்திரங்காயைச் சீவுகிறார். அப்பாவின் பங்கு பன்னிரண்டு வில்லை. அவர் அவற்றைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்துக்கொண்டு, ரசம் சோற்றின் கடைசி உருண்டை வரை வருமாறு ஒன்றொன்றாகக் கடிக்கிறார்.